ரப்பர் கொட்டை ஒட்டிய பக்கம்

தோட்டத் தொழிலாளிகளின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் கதவைச் சுதர்ஷினி வழக்கம்போல ஆறரை மணிக்கே திறந்தாள். பாய்களை விரித்தாள். பால்மா கரைக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். ஏழரையும் ஆயிற்று. பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூட வரவில்லை.

கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கூட்டிய தரையை மறுபடி கூட்டினாள். கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள். கடைசியில் ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் மூன்றாம் நம்பர் ரப்பர் மலை முழுவதும் தெரியும்.

பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். தாய்மார் மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சாக்கு விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் வெயில் ஏற ஏற, மேலே காய்கள் பட் பட்டென்று வெடித்து ரப்பர் கொட்டைகள் சுற்றிலும் தெறித்து விழுந்தன. ஒரு சின்னவள் கொட்டைகளைப் பொறுக்கி மடியில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

டீச்சரான அவளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, அவர்களை அந்தக் கொட்டைகளுக்கு நடுவிலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள். சுதர்ஷினி பல்லைக் கடித்தாள்.

எல்லாம் எட்டுப் படப்புத்தகங்களில் தொடங்கியது. கேகாலையில் நடந்த பயிற்சி முடிந்து அவற்றை அவள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, நாலு வயதுப் பிள்ளைக்கு விஞ்ஞானமா என்று சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் மழை எங்கிருந்து வருகிறது, நிழல் ஏன் மத்தியானம் சுருங்குகிறது என்று படம் பார்த்துப் படம் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

விதையைப் பற்றிய புத்தகத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. அதில் ஒரு ஆப்பிள் விதையை இரண்டாக வெட்டிக் காட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு குட்டிச் செடி தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் அதற்கு அம்மா மரம் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பார்சல். படம் அழகுதான். ஆனால் ஆப்பிள் மரத்தை இந்த மலையில் யார் கண்டார்கள்?

ஆகவே சுதர்ஷினி ஒரு ரப்பர் கொட்டையை வரைந்தாள். அதன் மேலிருக்கும் பழுப்புப் புள்ளிகளைக்கூட விடாமல் தீட்டினாள். வரக்காப்பொலையில் புத்தகக் கடை வைத்திருக்கும் ஜவ்பர் நானா அதை லேமினேட் செய்து கொடுத்தார். ஆப்பிளின் மேல் அதை ஒட்டினாள். அன்றைக்குப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே விடவில்லை.

முந்தாநாள் சாயங்காலம், அவளுடைய நாத்தனார் இருளாயியின் மகள் சஸ்மிதா லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கல்லை வைத்து மூன்று கொட்டைகளை உடைத்து, உள்ளே இருந்த சாப்பாட்டைத் தின்றுவிட்டாள். பச்சை ரப்பர் கொட்டை நஞ்சு. அரை மணி நேரத்தில் வாந்தி. பிறகு தலை சாய்ந்து பேச்சு நின்றது. தோட்டத்துக் கடைக்குச் சாமான் இறக்க வந்திருந்த ஒரு வேன்தான் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று நேற்று இரவு சொல்லிவிட்டார்கள். அந்த நிம்மதி வந்த கையோடு, யார் குற்றம் என்ற கேள்வியும் வந்துவிட்டது. இருளாயி வார்டு வாசலிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லிவிட்டாள். டீச்சர் புத்தகத்தைக் காட்டிப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள்.

எட்டு மணிக்குத் தலைவர் காத்தமுத்து வந்தார். தோட்டத்துச் சங்கத் தலைவர். உள்ளே வராமல் படியிலேயே நின்று தொண்டையைச் செருமினார். மூன்று மணிக்கு ஆபீசில் விசாரணை என்றார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறார், அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலைக்கு ஒன்றும் வராது என்றார். எட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வரவேண்டுமாம்.

"எடுத்து வந்து?"

"பொகைக்கூட்டு அடுப்புல போடச் சொல்லிட்டாரு."

ரப்பர் சீட்டு காயப்போடும் அந்தப் புகைக்கூட்டில் விறகு தள்ளுவது அவளுடைய கணவன் கிருஷ்ணராஜ்தான். சுதர்ஷினி மலைப் பக்கம் கையை நீட்டினாள்.

"தலைவரே, அந்த மலைய ஒருக்காப் பாருங்க. புள்ளைங்க எங்க உக்காந்திருக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எப்பவும் உக்கார்ற எடந்தான?"

"அந்தக் கொட்டையத் திங்கக் கூடாதுன்னு அதுங்களுக்கு யாராச்சும் சொன்னீங்களா? இன்னைக்குக்கூட?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே டீச்சர்."

எல்லாருக்கும் தெரிந்தது என்பதால்தான் யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது அதுதான். பூச்சு, புள்ளி, குட்டிச் செடியின் கண் இமை வரை பார்த்துப் பார்த்து வரைந்தவளுக்கு, இதைத் தின்னாதே என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அந்தக் கோபம் அவள் மேலேயே அவளுக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் பங்கு போடத் தயாராக இல்லை.

ஆனால் அது ஒன்று. புத்தகத்தை அடுப்பில் போடுவது வேறு.

வீட்டுக்குப் போனபோது கிருஷ்ணராஜ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றான். ஒருநாள் லீவு சொல்லியிருந்தான். செய்தி அவனுக்கு முன்பே எட்டியிருந்தது.

"கையெழுத்தப் போட்டுட்டு விடு சுதா. என் அக்கா புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு. நாலு பேரு முன்னால நான் யாரு பக்கம் நிப்பேன்?"

"நீங்க நிக்கவே வேணாம். உக்காந்துக்குங்க."

பத்து மணி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள்.

வார்டில் சஸ்மிதா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் சேலைன் ஊசி. முகம் சோர்ந்திருந்தாலும் கண் பழையபடி துறுதுறுவென்று அலைந்தது. கட்டிலோரம் நின்ற இருளாயி, சுதர்ஷினியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்ன வயது டாக்டர் ஒருத்தி வந்து கட்டிலில் தொங்கிய நோய்க்குறிப்புத் துண்டைப் பார்த்தாள். பிள்ளை இதற்கு முன்னாலும் இந்தக் கொட்டையைச் சாப்பிட்டிருக்கிறாளா என்று சிங்களத்தில் கேட்டாள். நேற்றும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள் போலிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ரொம்ப நாள் உடம்பில் சேர்ந்திருந்தால் வேறு சோதனைகள் எடுக்க வேண்டும் என்றாள்.

"நெஹே மிஸ். ஒருநாளும் இல்ல," என்றாள் இருளாயி.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள். சஸ்மிதா சுதர்ஷினியின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, அந்தச் சாப்பாடு நல்லால்ல."

"எந்தச் சாப்பாடும்மா?"

"குட்டிச் செடி சாப்பாடு. கசக்குது. அம்மா ஆக்குனா கசக்காது."

போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த இருளாயியின் கை நின்றது.

"அம்மா மூணு நாளு தண்ணி மாத்தும்," என்று பிள்ளை விளக்கம் வேறு சொன்னாள், வகுப்பில் பதில் சொல்கிற அதே பெருமையோடு. "நான் தண்ணி மாத்தல. அதான்."

சுதர்ஷினி எழுந்தாள். இருளாயியின் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்பதைவிட இழுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் சரி. கிருஷ்ணராஜ் பின்னாலேயே வந்தான். வார்டுக்கு வெளியே, துணி காயப்போட்டிருந்த நடையில் மூவரும் நின்றார்கள்.

இருளாயி மெதுவாகத்தான் சொன்னாள். கோதுமை மா விலை ஏறிய அந்த வருசம் தொடங்கியது. கொட்டையை உடைத்து அவித்து, மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறப்போட்டால் நஞ்சு போய்விடும் என்றார்கள். கறி வைத்தாள். புருஷன் ஐயாவு கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய், வீட்டுக்கு வருவதை நிறுத்திய பிறகு, கொட்டை விழுகிற காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் அதுதான் கறி. வெளியே தெரிந்தால் கொட்டைத் தின்னி என்று பெயர் வைப்பார்கள் என்று, கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆக்குவாள்.

"இத ஏன் மதினி டாக்டர்கிட்ட மறைக்கிறீங்க?"

"கீழ் டிவிசன்ல போன வருசம் ரெண்டு புள்ளைங்கள அந்தப் புள்ளைங்க பாதுகாப்பு ஆபீசர் நோனா வந்து இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, மறந்துட்டியா? தாய்க்காரி தனியா விட்டுட்டு வேலைக்குப் போனான்னு. நான் நஞ்ச ஆக்கிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எம்புள்ளைய விட்டு வைப்பாங்களா?"

"அதுக்கு எந்தலையக் குடுத்தீங்களா?"

"ஒனக்கு வேலைதான் போகும்," என்றாள் இருளாயி. குரல் உயரவில்லை. "எனக்குப் புள்ள போகும்."

அந்த ஒரு வார்த்தை நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. திட்டுவதற்காவது இடம் இருந்திருக்கலாம்.

அவள் பார்வை கணவன் பக்கம் திரும்பியது. அவன் முகத்தில் அதிர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை.

"ஒங்களுக்குத் தெரியும்."

கிருஷ்ணராஜ் காய்கிற துணிகளைப் பார்த்தான்.

"தின்னீங்களா?"

"அக்கா மாசிக் கருவாடு போட்டு வைக்கும்," என்றான் அவன். "நல்லாத்தான் இருக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். காலையில் கையெழுத்தைப் போட்டுவிடு என்று கேட்டபோதும் இவனுக்கு எல்லாம் தெரியும். அக்காவின் அடுப்பு, பிள்ளையின் வாய், கறியின் ருசி. தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"மதினி, நான் வாயத் தெறக்க மாட்டேன். சத்தியமா மாட்டேன். ஆனா டாக்டர் மருந்துக்காகக் கேக்குறாங்க. அத நீங்களே சொல்லிருங்க." பிறகு கணவனிடம், "நீங்க இங்கயே இருங்க. எங்கூட வர வேணாம். தெரிஞ்சுகிட்டே எங்கையப் பிடிச்சுப் பொய்யில வைக்கப் பாத்தீங்க பாருங்க, அது எனக்குச் செமிக்காது," என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

மூன்று மணிக்குத் தோட்ட ஆபீசில் துரை, கிளாக்கர், காத்தமுத்து, சுவரோரம் பத்துப் பன்னிரண்டு தாய்மார். மேசையில் கடிதம். சிங்களத்தில் அடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடிக் குறி.

அவள் நின்றபடியே கடைசி வரி வரை வாசித்தாள். வாசிப்பாள் என்று கிளாக்கர் எதிர்பார்க்கவில்லை போலும். அனுமதியில்லாத புத்தகங்களைக் காட்டிப் பிள்ளைக்கு ஆபத்து வரக் காரணமானாள் என்றும், இனிமேல் பாட்டும் விளையாட்டும் தவிர வேறெதுவும் சொல்லித் தருவதில்லை என்றும், புத்தகங்களைத் தோட்டத்திடம் ஒப்படைக்கிறாள் என்றும் அவள் பெயரில் எழுதியிருந்தது.

சுதர்ஷினி கடிதத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் தமிழில் எழுதினாள். கொட்டைக்குள் இருப்பது செடிக்குச் சாப்பாடு, நமக்கு நஞ்சு என்று நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அது என் பிழை. புத்தகத்தில் பிழை இல்லை. நாளைக்கே அதைச் சொல்லித் தர எனக்குப் பிள்ளைகள் வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டாள்.

பிறகு தாய்மார் பக்கம் திரும்பினாள். இங்கே கோபத்தை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். இந்தக் கொட்டைய வீட்டுல அவிச்சு ஆக்கித் தின்னவங்க எத்தன பேரு? புள்ளைங்க அதப் பாத்திருக்கா இல்லையா? கைய மட்டும் தூக்குங்க போதும்."

ஒரு கையும் எழவில்லை. ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒருத்தி சுவரிலிருந்த கலண்டரைப் படித்தாள். காத்தமுத்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கெட்ட வருசத்தில் கோயில் முன்னால் பெண்களைக் கூட்டி வைத்து, மூன்று தண்ணீர் மாற்றுங்கள், அவசரப்படாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான். சுதர்ஷினியும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான்.

டீச்சர் என்ன கேட்கிறாள் என்று துரை கேட்டார். யோசிக்க அவகாசம் கேட்கிறாள் என்று கிளாக்கர் சிங்களத்தில் சொன்னார்.

"நான் அப்படிக் கேக்கல," என்று சுதர்ஷினி சிங்களத்திலேயே சொன்னாள். கேட்டது இன்னது என்றும் சொன்னாள்.

துரையின் முகம் மாறியது. ஆனால் அவள் நினைத்த விதமாக இல்லை. கொட்டை தோட்டத்துச் சொத்து, நாற்றுமேடைக்கு வேண்டியது, அதை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று தாய்மாரைப் பார்த்துக் கேட்டார். நாளைக்குக் காலையில் லயம் லயமாகப் போய்ப் பார்க்கும்படி கிளாக்கரிடம் உத்தரவு போட்டார். தாய்மார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சுதர்ஷினியைப் பார்த்தார்கள். வந்தபோது அவர்கள் கண்ணில் இருந்தது வெறும் சந்தேகம். இப்போது இருந்தது பகை.

மறு உத்தரவு வரும்வரை பிள்ளைக் காம்பரா மூடப்படுகிறது என்றார் துரை. அவள் சாவியை மேசையில் வைத்தாள். புத்தகங்கள் எங்கே என்று கேட்டார்கள். அவை பயிற்சியில் தன் பேருக்குக் கொடுத்தவை, தோட்டத்துடையவை இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஐந்து மணிக்கு லயத்துப் பாதையில் இறங்கியபோது முதலில் மணம்தான் வந்தது. ஊறி நொதித்த புளிப்பு மணம். லயத்தின் முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. குனிந்து பார்த்தாள். தோல் உரித்து, பாதியாகப் பிளந்து, அவித்த ரப்பர் கொட்டைப் பருப்பு.

ஒரு காம்பராக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. சட்டியோடு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கானில் சளக்கென்று கொட்டிவிட்டு உள்ளே போயிற்று. அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. ஆபீசில் தூக்காத கைகளையெல்லாம் அவள் நின்று பார்த்தாள். கான் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. இன்றிரவு இந்தச் சட்டிகளில் என்ன வேகும் என்று நினைத்தபோது, தான் கேட்ட கேள்வியையே திரும்ப விழுங்கிவிடலாம் போலிருந்தது.

போன் அடித்தது. இருளாயி.

"ஆபீசர் நோனா வார்டுக்கு வந்திருக்காங்க." மூச்சு இறைத்தது. "எத்தன நாளா ஆக்குறேன், எப்புடி ஆக்குறேன்னு எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. நாளைக்கு வீட்டப் பாக்க வர்றாங்களாம். அதுவரைக்கும் புள்ளையத் தொடக்கூட ஆள் வச்சுத்தான் விடுறாங்க. சத்தியம் பண்ணியேடி. படியெறங்குறதுக்கு முன்னாலயே சொல்லிட்டியா?"

"மதினி, நான் சொல்லல."

"ஒன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

ஐந்து மணி பஸ் மேலே ரோட்டில் நின்று புறப்படும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணராஜ் படிகளில் இறங்கி வந்தான். கானையும் பார்க்கவில்லை, கதவுகளையும் பார்க்கவில்லை. அவளுக்கு நேர் எதிரே வந்துதான் நின்றான்.

"டாக்டர் மறுபடி கேட்டாங்க," என்றான். "அக்கா இல்லன்னுச்சு. புள்ளைக்கு உள்ள என்ன சேந்திருக்குன்னு தெரியாம எப்புடி மருந்து குடுப்பாங்க? நீ சொன்னதும் அதுதானே." போன் இருந்த அவள் கையைப் பார்த்தான். "ஒன் வேலையும் நெனப்புல இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

பிள்ளைக்காகச் சொன்னானா, தனக்காகச் சொன்னானா, காலையில் தின்ற ஏச்சுக்காகச் சொன்னானா? மூன்றில் எது என்றாலும் அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. மூன்றுமே சரியான காரணங்களாக இருந்ததுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

போனில் இருளாயி இன்னும் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லுடி, யாரு, யாரு என்று.

சுதர்ஷினி போனை அவன் பக்கம் நீட்டினாள்.

"பேசுங்க. ஒங்க அக்கா."

கிருஷ்ணராஜ் அதை வாங்கிக் காதில் வைத்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே மறுமுனையில் அழுகை நின்றது. தம்பியின் மூச்சை இருளாயிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.